இருபத்திரண்டு மாதத்துக்கு ஒரு சாட்சி

நாமக்கல்லில் கோகிலவாணி என்று ஒரு லாரி ஓட்டுநர் இருந்தாள். முப்பத்து மூன்று வயது. வாரத்தில் நான்கு நாள் லோடு ஏற்றிப் போவாள். மீதி நாள்களில், ஊருக்கு வெளியே ஒரு பொட்டலில் மற்றவர்களுக்கு லாரி ஓட்டக் கற்றுத் தருவாள். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை ‘வாத்தியாரம்மா’ என்றே கூப்பிட்டார்கள்.

அவளிடம் கற்றவர்களில் வயதில் பெரியவர் அத்தப்பன். நாற்பத்தொன்று ஆகிறது. அவள் அவரை ‘அண்ணா’ என்பாள். அவர் அதிகம் பேசமாட்டார். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் தனக்குத் தானே “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொள்வார்.

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்து ஐந்து மாதம் ஆகியும் வேலை கிடைக்கவில்லை. போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி.

“எத்தனை வருசம் ஓட்டியிருக்கீங்க?”

ஓட்டக் கொடுத்தால்தானே வருசம் சேரும் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. “சரிங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

ஒரே ஒரு கம்பெனி மட்டும் புதியவர்களை எடுத்தது. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டுகிற கம்பெனி. அனுபவம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு படிவம் கொடுத்தது. கடந்த பத்து வருடம் எங்கே, யாரிடம் வேலை பார்த்தீர்கள் என்று ஒரு மாதம்கூட விடாமல் எழுத வேண்டும். வேலையில்லாத மாதங்கள் இருந்தால், அப்போது உங்களை அறிந்த ஒருவரின் பெயரும் போன் நம்பரும் தர வேண்டும். அவர் உறவினராக இருக்கக் கூடாது. கம்பெனியிலிருந்து போன் போட்டு விசாரிப்பார்கள். சனிக்கிழமை கடைசி நாள்.

இதுவும் கைவிட்டுப் போனால் பள்ளிபாளையத்துத் தறிக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே அவருடைய தறிக்குப் பக்கத்துத் தறியை ஓட்டியவள் அவர் மனைவி மயிலாத்தாள். இப்போது அதை வேறு யாரோ ஓட்டுகிறார்கள். அந்தத் தறிக்குப் பக்கத்தில் தன்னால் நிற்க முடியாது என்று அத்தப்பனுக்குத் தெரியும்.

படிவத்தோடு வியாழக்கிழமை காலை பொட்டலுக்கு வந்தார். ஆறு வருடம் தறி என்று எழுதியிருந்தார். கடைசி இரண்டு வருடச் சொச்சம் கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கும் வேலை என்று எழுதியிருந்தார். நடுவில் இருபத்திரண்டு மாதம் காலியாக இருந்தது.

“வாத்தியாரம்மா, ஒரு உதவி.”

“சொல்லுங்ண்ணா.”

“இந்த இருபத்திரண்டு மாசம் உங்க வண்டியில கிளீனரா ஓடினேன்னு எழுதிக்கட்டுமா? எல்லாரும் அவங்கவங்க வாத்தியார் பேரைப் போட்டு அப்படித்தான் எழுதறாங்களாம்.”

எல்லாரும் அப்படி எழுதுவது உண்மைதான். அந்த ஊர் வழக்கம் அது. கிளீனராக ஓடியதற்கு யாரும் சீட்டுத் தருவதில்லை. கற்றுத் தந்தவர் ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கோகிலவாணி அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள்.

“அப்போ என் வண்டியில கிளீனரா இருந்தது சோலைமுத்து. அவனை எந்த ஊர்ல இறக்கி விடறதுங்ண்ணா?”

அத்தப்பன் படிவத்தை மடித்தார்.

“மடிக்காதீங்க. வண்டியை எடுங்க.”

“எங்கேங்க?”

“அந்த இருபத்திரண்டு மாசமும் இருந்த எடத்துக்கு. உங்களைத் தெரிஞ்சவங்க ஒருத்தராச்சும் இருப்பாங்க.”

காலி வண்டியை அத்தப்பன் ஓட்டினார். கரூர் ரோட்டில் பரமத்தியைத் தாண்டி நிறுத்தினார்.

முதலில் ரேஷன் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“கார்டு ஞாபகம் இருக்குதுங்க. ஆளு ஞாபகம் இல்லை.”

உரக்கடைக்காரர் அத்தப்பனின் முகத்தைப் பார்க்காமலே, “எத்தனையோ பேர் வராங்க போறாங்க” என்றார்.

டீக்கடைக்காரர் மட்டும் விஷயத்தை முழுக்கக் கேட்டார். கேட்டதும் உற்சாகமாகிவிட்டார்.

“இவ்வளவுதானா? நல்லாத் தெரியும்னு சொல்லிட்டாப் போச்சு! என் நம்பரைப் போட்டுக்குங்க.”

“இவரு பேரு என்னங்க?” என்றாள் கோகிலவாணி.

டீக்கடைக்காரர் அத்தப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

“பேரா… ராசுன்னு வெச்சுக்குவோமே.”

கோகிலவாணி சிரித்துவிட்டாள். அத்தப்பனும் சிரித்தார். சிரித்து முடிந்த பிறகு, டீ ஆறும்வரை கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக, அவர் தங்கியிருந்த கிணற்று மோட்டார் ரூமுக்குப் போனார்கள். ரோட்டை ஒட்டிய தரிசில் ஒற்றைச் செங்கல் அறை. நிலத்துக்காரர் திருப்பூருக்குப் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. கூரைத் தகட்டில் பாதி உடைந்து உள்ளே கிடந்தது.

“இங்கயா இருந்தீங்க?”

“ஆமாங்க. மயிலா போன பதினாறாம் நாள் வந்தேன். பங்குனி மாசம்.”

“எப்போ கெளம்பினீங்க?”

“இங்க ரெண்டு தை பாத்தேன். ரெண்டாவது தையில கெளம்பினேன்.”

“என்ன பண்ணினீங்க இத்தனை நாளும்?”

அத்தப்பன் ரோட்டைப் பார்த்தார். ஒரு பேருந்து போயிற்று. அதன் பின்னால் இரண்டு லாரிகள் போயின.

“குடத்துல தண்ணி புடிச்சு வாசல்ல வெப்பேன்.”

“எதுக்கு?”

“ரேடியேட்டருக்குத் தண்ணி கேட்டு யாராச்சும் லாரிக்காரங்க நிறுத்துவாங்கன்னு.”

“நிறுத்தினாங்களா?”

“இல்லீங்க. பொழுது சாஞ்சா ஊத்திட்டு, காலையில புதுசாப் புடிப்பேன்.”

“ஒருத்தருமா?”

“கடைசி நாள் ஒருத்தர் நிறுத்தினாரு. அதுவும் டயர் வெடிச்சு. ‘அண்ணா, ஒரு கை புடிங்க’ன்னாரு. ஜாக்கி புடிச்சேன். அவரு போனதுக்கப்புறம் என்னால உள்ள போக முடியலை. அப்படியே நடந்து நாமக்கல் வந்துட்டேன். வந்துதான் உங்ககிட்ட வண்டி கத்துத் தருவீங்களான்னு கேட்டேன்.”

“அவரு பேரு?”

“கேக்கலைங்க. இருபத்திரண்டு மாசத்துல பேசின மொத ஆளு. பேரைக் கேக்கணும்னு தோணலை.”

கோகிலவாணி அறையின் வாசலுக்குப் போனாள். அங்கிருந்து தார் ரோட்டின் ஓரம்வரை மெதுவாக நடந்தாள். திரும்பி அறையைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். அத்தப்பன் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

வண்டிக்குத் திரும்பியதும் பேனாவை எடுத்து நீட்டினாள்.

“கட்டத்துல என் பேரை எழுதுங்க. நம்பரும்.”

“நீங்க பொய் சொல்ல மாட்டீங்களே.”

“மாட்டேன்.”

“அப்புறம்?”

“எழுதுங்ண்ணா.”

அவர் எழுதினார். போன் நம்பரின் கடைசி எண் கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் போன் வந்தது. அத்தப்பன் அப்போது பொட்டலில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். கோகிலவாணி பக்கத்து இருக்கையில் இருந்தாள். நம்பரைப் பார்த்ததும் என்ஜினை நிறுத்தச் சொன்னாள். அவரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

“மேடம், அத்தப்பன்னு ஒருத்தர் உங்க பேரைக் குடுத்திருக்கார். இருபத்திரண்டு மாசம் வேலை இல்லாம இருந்திருக்கார். அந்தச் சமயத்துல அவரை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க சார்.”

அத்தப்பன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தறிச் சத்தம் இப்போதே காதில் கேட்டது.

“தெரியாதா? அப்புறம் எதுக்கு மேடம் உங்க பேரு?”

“அப்போ நான் திண்டுக்கல்லுக்கு முட்டை லோடு ஓட்டிட்டிருந்தேன் சார். தினம் அந்த ரோடுதான். போகையில ஒருக்கா, வரையில ஒருக்கா அவரு வாசலைத் தாண்டித்தான் போனேன். அந்த இருபத்திரண்டு மாசத்துல ஒரு நாள்கூட வண்டியை நிறுத்தினதில்லைங்க.”

மறுமுனையில் காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“மேடம்,” என்றார் அவர். குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது. “இந்தக் கட்டம் காலியா இருந்தா என்னால மேல அனுப்ப முடியாது. நான் என்னன்னு எழுதட்டும்?”

“நான் பாக்கலைன்னு எழுதுங்க சார்,” என்றாள் கோகிலவாணி. “அவரு அங்க இல்லைன்னு மட்டும் எழுதிடாதீங்க.”