மேற்குச் சுவரின் ஓதம்

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவில் ஒரு சின்ன ஆசிரமம் இருந்தது. அதன் குரு குஞ்சரியம்மா. துறவு கொள்ளும் முன் இருபது வருடம் சித்தாளாகச் செங்கல் சுமந்தவர். அவருடைய சீடர்களில் ஒருவர் வரதப்பன், தேயிலை ஃபேக்டரியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

ஆடி மாதம் ஒரு காலை. தியானம் முடிந்து எல்லோரும் போன பிறகும் வரதப்பன் எழவில்லை.

"அம்மா, மனசறிஞ்சு நான் யாருக்கும் கெடுதல் பண்ணினதில்லை. குணவதிக்கு ஏன் இப்படி ஆகணும்?"

குணவதி அவர் மனைவி. நுரையீரல் கெட்டுக்கொண்டே வந்தது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஏற்கெனவே பலவீனமான நெஞ்சு. ஓதம் பிடிச்ச அறையில படுத்துப் படுத்து மோசமாயிடுச்சுன்னார். மூணு வருஷமா அந்தச் சுவரோட மல்லுக்கட்டறேன். சுரண்டிப் பூசினேன். தண்ணி புகாத பெயிண்ட் ரெண்டு தரம் அடிச்சேன். மழை வந்தா கொப்புளம் கொப்புளமா எழும்பி உதிருது."

"வேற அறை?"

"அந்த ஒரு அறையும் சமையக்கட்டும்தான்."

குஞ்சரியம்மா குடையை எடுத்துக்கொண்டார்.

"சுவரைக் காட்டுங்க."

குணவதி மூன்று தலையணைகளில் சாய்ந்து கிடந்தாள். குருவைப் பார்த்ததும் எழ முயன்றாள், இருமல் விடவில்லை. குஞ்சரியம்மா அவள் பாதத்தில் ஒரு நிமிடம் கை வைத்திருந்தார். பிறகு மேற்குச் சுவரை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். மேலே காய்ந்திருந்தது. இடுப்பு உயரத்துக்குக் கீழே கை நனைந்தது. அங்கே உப்பு பூத்து, ஓரங்களில் பூசணம் கறுத்திருந்தது.

"கூரை ஒழுகல. கீழேயிருந்து ஏறுது."

வெளியே வந்தார்கள். தூறிக்கொண்டிருந்தது. மேற்குச் சுவரின் முழு நீளத்துக்கும் முழங்கால் உயரத்தில் ஒரு சிமெண்டு மேடை இருந்தது.

"இது எப்போ போட்டது?"

"மூணு வருஷமாச்சு. துணி காயப்போட வந்தவ சேத்துல வழுக்கி விழுந்துட்டா. இன்னொரு தரம் விழக் கூடாதுன்னு நானே கல்லு சுமந்து போட்டேன்." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மேடை முடிகிற மூலையில் குஞ்சரியம்மா குந்தி உட்கார்ந்தார். குச்சியால் மண்ணைச் சுரண்டினார். செங்கல் வரிசைகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தது.

"இது என்னம்மா?"

"தார். இந்த வீட்டைக் கட்டின கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மேல பூசியிருக்கார். மண் ஈரம் இதைத் தாண்டி ஏறாது."

மேடை அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் உயர்ந்து, சுவரோடு ஒட்டி நின்றது. லேசாகச் சுவர்ப் பக்கம் சரிந்தும் இருந்தது. அதன்மேல் விழுந்த தூறல் உள்பக்கமாக ஓடி, இடுக்கில் தேங்கி, தார்க் கோட்டுக்கு மேலேயே மெல்ல மெல்லச் சுவருக்குள் இறங்கியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"உள்ளே நான் அடிச்ச பெயிண்ட்?" என்றார் வரதப்பன்.

"போன தண்ணியைக் காய விடாது."

"அப்போ, நான்தானா?"

குஞ்சரியம்மா எழுந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"கடப்பாரை இருக்கா?"

குஞ்சரியம்மா ஓங்கிய முதல் இரண்டு அடிக்கு மேடை அசையவில்லை. நல்ல கலவை போட்டிருந்தார் வரதப்பன். மூன்றாவது அடியில் ஒரு துண்டு பெயர்ந்தது.

உள்ளேயிருந்து குணவதியின் குரல் கேட்டது. "என்னங்க சத்தம்?"

"மேடையை உடைக்கிறோம்."

இருமல். பிறகு, "ஏங்க? எனக்காகப் போட்டதாச்சே."

வரதப்பன் பெயர்ந்த துண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். குஞ்சரியம்மா தொடர்ந்து உடைத்தார்.

வெகுநேரம் கழித்து வரதப்பன் கேட்டார். "இதை எடுத்துட்டு, உள்ளே பெயிண்டையும் சுரண்டிட்டா, எவ்வளவு நாள்ல காயும்?"

"அங்குலத்துக்கு ஒரு மாசம்."

"ஒன்பது அங்குலச் சுவரும்மா."

"ஆமா."

"டாக்டர் கார்த்திகை வரைக்கும்தான் சொல்லியிருக்கார்."

குஞ்சரியம்மா முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் எதுக்கும்மா இதை உடைக்கணும்?"

அவர் கடப்பாரையை வரதப்பனிடம் நீட்டினார்.

"தண்ணி இன்னும் உள்ளே போய்க்கிட்டிருக்கு."