ராஜாவின் இலையில் வாய் வைத்த காட்டுப்பன்றி

வெகு காலத்துக்கு முன்னால், ஆனைக்கரை நாட்டைச் சிங்கராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். என்ன, காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி! ஒருநாள் காட்டோரமாகப் பல்லக்கில் போனபோது ஒரு மான்குட்டி அவனைப் பார்த்து மிரள மிரள விழித்தது. ராஜா உருகிப்போனான். அன்றே ஊரெங்கும் தண்டோரா: "காட்டு விலங்கெல்லாம் ராஜாவின் பிள்ளைகள்! அவற்றின்மேல் ஆயுதம் ஓங்குகிறவன் கை துண்டிக்கப்படும்!"

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். காட்டோர ஊர்களில் விளைந்த கம்பையும் சோளத்தையும் இஷ்டத்துக்கு மேய்ந்தன. விதைத்தவர்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறென்ன செய்வார்கள், பாவம்?

காட்டுக்காவல் தலைவர் பூபாலருக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. எவனாவது மாட்டினால் ராஜாவிடம் நல்ல பெயர் வாங்கலாம். அப்படியே அமைச்சர் திருமேனியாரின் ஆசனத்தையும் பிடித்துவிடலாம். ராஜாவின் பிறந்தநாளன்று மாட்டியே விட்டான் ஒருவன்!

பந்தி மண்டபத்தில் இலை போட்டு, சோறும் பரிமாறியாயிற்று. ஜோசியர் குறித்த நல்ல நேரத்துக்காகக் காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் உட்கார்ந்திருந்தான் ராஜா. அந்த நேரம் பார்த்துப் பூபாலர் நுழைந்தார். பின்னால் கைகள் கட்டப்பட்ட மாதன் என்ற குடியானவன், அவன் மனைவி கெம்பி. அவர்களுக்கும் பின்னால் ஆட்கள் மூச்சிரைக்கத் தூக்கிவந்த மரக்கூண்டு. அதற்குள் கன்றுக்குட்டி கனத்தில் ஒரு காட்டுப்பன்றி!

"மகாராஜா! குழி வெட்டித் தங்கள் பிள்ளையை வீழ்த்தி, ஈட்டியை ஓங்கிக்கொண்டு நின்றான். கையும் களவுமாகப் பிடித்தேன்!" என்றார் பூபாலர்.

"ஏனடா ஓங்கினாய்?" என்று சீறினான் ராஜா.

"எங்க கம்பு பூராத்தையும் அது தின்னுட்டுது சாமி," என்றான் மாதன். "வீட்டுல திங்கறதுக்கு இனி அது ஒண்ணுதான் மிச்சம்."

"எல்லாம் நாக்கு ருசி, மகாராஜா! கறி தின்று பழகிய நாக்கு சாக்குச் சொல்கிறது!" என்றார் பூபாலர்.

"சரி, வெட்டுங்கள் கையை! எனக்குப் பசிக்கிறது!"

கெம்பி அலறினாள். "ஏர் புடிக்கிற கை சாமி! அதை வெட்டினா எங்க குடும்பமே போச்சு!"

திருமேனியார் மெல்ல எழுந்தார். "தண்டனை இருக்கட்டும், அரசே. எனக்கு ஒரு வருத்தம். பிறந்தநாளும் அதுவுமாகத் தகப்பன் விருந்து சாப்பிட, பிள்ளை கூண்டில் பட்டினி கிடக்கலாமா? ஊர் என்ன பேசும்?"

பூபாலருக்கு வயிறு எரிந்தது. இந்த யோசனை தனக்குத் தோன்றாமல் போயிற்றே! "நானும் அதையேதான் சொல்ல வந்தேன், மகாராஜா!" என்று ஓடிப்போய்த் தம் கையாலேயே கூண்டைத் திறந்துவிட்டார்.

அவ்வளவுதான்! பன்றி பந்திக்குள் பாய்ந்தது. அப்பளம் நொறுங்கியது, பாயச அண்டா உருண்டது. ஜோசியர் நல்ல நேரம் கெட்ட நேரம் எதுவும் பார்க்காமல் ஓட்டம் எடுத்தார். பூபாலர் தூணைக் கட்டிக்கொண்டு பாதி உயரம் ஏறிவிட்டார். இலை இலையாக வழித்துக்கொண்டு வந்த பன்றி, ராஜாவின் இலையில் மூக்கை நுழைத்து நெய்ச்சோற்றை அள்ளியது.

"குத்துங்கடா அதை!" என்று கத்தினான் ராஜா.

காவலர்கள் எல்லோரும் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். கை யாருக்குத்தான் வேண்டாம்? ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு காவலனின் ஈட்டியைப் பிடுங்கி ஓங்கினான்.

"அரசே, கை!" என்றார் திருமேனியார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"ஏன் ஓங்கினீர்கள்? நாக்கு ருசியா?"

"ருசியாவது மண்ணாவது! என் சோற்றைத் தின்கிறதய்யா!"

"தங்களுக்குப் போனது ஒரு வேளைச் சோறு. உள்ளே இன்னோர் அண்டா கொதிக்கிறது. மாதனுக்குப் போனது அடுத்த அறுவடை வரைக்குமான சோறு."

ராஜா ஈட்டியைக் கீழே வைத்தான். வெட்கத்தில் அவன் முகம் சிவந்துவிட்டது.

"மாதன் கை தப்பினால்தான் என் கையும் தப்பும். அவிழ்த்துவிடுங்கள்," என்றவன் கெம்பியிடம் திரும்பினான். "இனியும் குழி வெட்டுவீர்களா, அம்மா?"

"பன்னி குத்தினா குடல் சரிஞ்சுடும் சாமி. வயிறு நெறைஞ்சவன் எவனாச்சும் அதுங்கிட்டப் போவானா?"

பன்றியைக் காட்டுக்கு விரட்டினார்கள். சட்டம் அப்படியே இருந்தது. ஆனால் விலங்குகள் தின்ற தானியத்தை அரண்மனைக் களஞ்சியம் அளந்து கொடுக்க வேண்டும் என்று ராஜா ஆணையிட்டான். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சருக்குப் போட்டான். புது இலைகள் வந்தன. ராஜாவுக்குப் பக்கத்திலேயே மாதனும் கெம்பியும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கட்டவிழ்ந்த கையால் மாதன் பிசைந்து பிசைந்து சாப்பிட்டதைப் பார்க்க வேண்டுமே!

பூபாலருக்கு ராஜா கொடுத்த புது வேலை என்ன தெரியுமா? காட்டோரத்தில் பரண்மேல் உட்கார்ந்து, தமுக்கு அடித்துக் கம்பங்காட்டைக் காக்க வேண்டும். மூன்றாம் நாளே அமைச்சரிடம் ஓர் ஆள் ஓடிவந்தான்.

"தமுக்குக்கு ஒரு பன்றிகூடப் பயப்படவில்லையாம், ஐயா. தலைவர் ஓர் ஈட்டி கேட்கிறார்."

"தாராளமாகத் தருகிறேன்," என்றார் திருமேனியார். "கையை இங்கே கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்."