எட்டாவதாக ஒரு கூட்டம்

ஒரு காட்டில், பிள்ளைகளே, யார் எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் தலையாட்டிவிடும் மின்னி என்ற தாய்க்கீரி இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அதற்கு வாயே வராது.

பிறந்த அன்றே அது கீரிக் கூட்டத்தில் ஒன்றாகிவிட்டது. பிறகு நாவல்பழக் கூட்டம், மணல்குளியல் கூட்டம் என்று இன்னும் ஆறில் சேர்ந்துகொண்டது.

யார் எந்தக் கூட்டம் என்பதை மலையடிவாரத்து ஆமைதான் மனப்பாடமாக வைத்திருக்கும். முன்பொரு மரநாய், "நானும் கீரிதான்" என்று, மலைமேல் இருக்கும் கீரிகளின் மேட்டுவளைக்குள் நுழைந்து குட்டிகளைத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து ஆமையின் சொல் இல்லாமல் யாரும் மேலே போகக் கூடாது என்று கீரிகள் முடிவு செய்தன. மின்னியும்தான் சரி என்றது.

ஒருநாள் முயல்கள் நிலா பார்க்கும் கூட்டத்துக்கு அழைத்தன. மின்னி ஆமையிடம் போய்ச் சொன்னது.

"ஆளுக்கு ஏழு கூட்டம்தான் என் தலையில் நிற்கும். எட்டாவது வந்தால் முதலாவது போய்விடும், பார்த்துக்கொள்" என்றது ஆமை.

முதலாவது எது என்று மின்னி யோசிக்கவே இல்லை. "அதெல்லாம் பார்த்துக்கலாம் அண்ணே, சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஓடிவிட்டது. அட, நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா!

ஐப்பசியில் ஆறு உடைத்துக்கொண்டு வந்தது. மற்ற ஏழு கூட்டங்களின் இடமும் பள்ளத்தில்தான், எல்லாம் முழுகிப்போயின. மின்னி குட்டியைக் கவ்விக்கொண்டு மலையடிவாரத்துக்கு ஓடிவந்தது.

குட்டிக்கு ஒரே ஒரு கூட்டம், கீரிக் கூட்டம். ஆமை உடனே வழிவிட்டது. மின்னி வந்ததும் குறுக்கே நின்றது.

"உன்னைத் தெரியும் மின்னி. ஆனால் நீ கீரிக் கூட்டம் என்று என் ஞாபகத்தில் இல்லையே."

"என் வாலைப் பாருங்கள் அண்ணே!"

"மரநாயும் வாலைத்தான் காட்டியது. மழை விடட்டும். உன் ஆட்கள் கூடி வந்து சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன்."

ஆமைக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அது நகரவில்லை. தண்ணீர் மின்னியின் வயிற்றைத் தொட்டது. ஆமையைக் குறை சொல்ல அதற்கு மனம் வரவில்லை. தன்மேல்தான் ஆற்றாமையாக வந்தது.

"நீயும் வா அம்மா" என்று மேலிருந்து குட்டி அழுதது.

"நீ முன்னால் போ கண்ணு. அம்மா பின்னாலேயே வருகிறேன்."

குட்டி வளைக்குள் போய், தன் பக்கத்தில் அம்மாவுக்கு இடம் பிடித்து வைத்தது. வெள்ளம் வடிந்த பிறகும் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

நீதி: புதிய கூட்டத்தில் சேருமுன், சொந்தக் கூட்டத்தில் உன் இடம் பறிபோகிறதா என்று பார்.