லேபிளில் மட்டும்தான் கை வைத்தேன்

கோசலையிடம் தொழில் கற்க வந்தபோதே லூர்துசாமிக்குத் தலை நரைத்திருந்தது. தன்னைவிட வயதில் சின்னவரைக் குருவாக ஏற்றதில் அவருக்குக் கூச்சம் இல்லை. அவருடைய கோபம் வேறு.

அவர்கள் எழுதிய மென்பொருள் ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் ஓடியது. ரத்தப் பையில் ஒட்டும் லேபிளில், காலாவதித் தேதி ஓரம் வெட்டுப்பட்டு அச்சாகிக்கொண்டிருந்தது. நர்சுகள் ஒவ்வொரு பையிலும் பேனாவால் தேதி எழுதினார்கள். லூர்துசாமி நிரலில் அந்தத் தேதியிலிருந்தே வருடத்தின் முதல் இரண்டு எண்களை எடுத்துவிட்டார். தேதி லேபிளுக்குள் அடங்கியது.

மென்பொருளின் எல்லாச் சோதனைகளையும் ஓட்டினால் மறுநாள் மதியம் ஆகிவிடும். லேபிள் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் பொறுக்கி ஓட்டினார். எல்லாம் பச்சை, தேறிவிட்டன. திருத்தத்தை மருத்துவமனைக்கு அனுப்ப ஒப்புதல் கேட்டு வந்து நின்றார்.

"மீதி?" என்றார் கோசலை.

"மீதி எதுக்கு மேடம்? லேபிள்ல மட்டும்தான் கை வெச்சேன்."

கோசலை ஒப்புதல் தரவில்லை.

"என்னை நம்பலைன்னா நேரா சொல்லிடுங்க. அங்க ஒரு பொண்ணு உக்காந்து கை ஒடிய தேதி எழுதுது. தூக்கக் கலக்கத்துல ஒரு எண்ணை மாத்தி எழுதினா யார் பதில் சொல்றது? நீங்களா?"

கோசலை ஒரு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினார். கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை அரை மணி நேரம் முன்னால் தள்ளி, திரும்ப மாட்டினார்.

"கடிகாரத்துல மட்டும்தான் கை வெச்சேன். சரியா இருக்கான்னு பாருங்க."

லூர்துசாமி எரிச்சலோடு அண்ணாந்து பார்த்தார்.

"ஓடுது. முள்ளு எதுலயும் இடிக்கலை. கோணாமத்தான் மாட்டியிருக்கீங்க."

"ஒப்புதல் தரலாமா?"

"தாராளமா."

கணினியில் மணி இரண்டேகால் ஆனதும் லூர்துசாமி கூடத்துக் கோடியில் இருந்த கேன்டீனுக்குப் போனார். சமையல்கார ரமீஜா சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, சாப்பாடு?"

"ரெண்டரைக்கு மூடிருவேன்னு தெரியாதாண்ணே? கடிகாரத்தைப் பாருங்க. ரெண்டே முக்கால்."

"அது தப்பு! என் கம்ப்யூட்டர்ல ரெண்டேகால்தான்."

"உங்க கம்ப்யூட்டரா வந்து சோறு வடிக்குது? நான் அதைப் பார்த்துதான் உலை வைக்கிறேன், அதைப் பார்த்துதான் இறக்குறேன். மீந்ததை வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன். இன்னிக்கு மீன் குழம்பு வேற."

லூர்துசாமி திரும்பி வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

"இது என்ன நியாயம் மேடம்? பட்டினி போட்டுத்தான் பாடம் சொல்லணுமா?"

"நான் முள்ளைத் தள்ளினதை நீங்க பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்."

"ரமீஜாகிட்ட கேட்டீங்களா?"

"அந்தம்மா அதைப் பார்த்துத்தான் அடுப்பை அணைக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கோசலை தன் வேலைக்குத் திரும்பினார்.

"அப்போ எல்லாத்தையும் ஓட்டணும். நாளை மத்தியானம் வரைக்கும் அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டே கிடக்கட்டும். அப்படித்தானே?"

"கை கழுவுற குழாயைத் திறந்து பார்த்தீங்களா, தண்ணி வருதான்னு?"

"அதை எதுக்குப் பார்க்கணும்? குழாயா கடிகாரத்தைப் பார்க்குது?"

சொல்லிவிட்டு லூர்துசாமி அப்படியே நின்றார்.

பிறகு தன் இடத்துக்குப் போனார். அந்தத் தேதியை எடுத்துப் படிப்பது யார் யார் என்று நிரலுக்குள் தேடினார். குளிர் அறை என்ற பகுதி படித்தது. காலாவதியான பைகளை ஒதுக்கித் தள்ளுவது அதன் வேலை. வருடக் கணக்கில் அதை யாரும் தொடவில்லை. அதன் சோதனை ஒருநாளும் சிவப்பாக வந்ததில்லை. அதனால்தான் விட்டுவிட்டார். இப்போது ஓட்டினார்.

சிவப்பு. வருடம் பாதியாக வந்ததும் அந்தப் பகுதிக்குத் தேதியே புரியவில்லை. சோதனைக்காகக் கொடுத்த, போன மாதமே காலாவதியான பையை, நல்ல பை என்று உள்ளே விட்டது.

லூர்துசாமியின் கோபம் தணியவில்லை. ஏறியது.

"அதே தேதியைத்தான் நானும் படிக்கிறேன்னு ஒரு வரி எழுதி வைக்கக் கூடாதா? எழுதின மகராசன் யாரு? ஒரு உயிர் போயிருக்குமே!"

திட்டிக்கொண்டே நிரலைத் திறந்தார்.

தேதியை முழுதாகவே விட்டு, அச்சின் எழுத்தைச் சிறிதாக்கினார். லேபிள், குளிர் அறை, தேதியைப் படிக்கும் வேறு சில பகுதிகள், இவற்றின் சோதனைகளை மட்டும் ஓட்டினார். பச்சை. கோசலை உடனே ஒப்புதல் தந்தார். வெளிச்சம் இருக்கும்போதே திருத்தம் மருத்துவமனைக்குப் போய்விட்டது. அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்திருப்பாள்.

லூர்துசாமிக்கு மட்டும் ஆறவில்லை. பசி வேறு.

"இப்பவாவது அந்தக் கடிகாரத்தைச் சரி பண்ணுங்க மேடம். இன்னும் எத்தனை பேரைக் காயப்போடுறதா உத்தேசம்?"

கோசலை நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். கடிகாரத்தில் கை வைத்தவர், அப்படியே திரும்பிப் பார்த்தார்.

"இதைப் பார்க்குறவங்கள்ல யார் யாரைக் கேட்டுட்டு வந்தீங்க?"