மூடிக் கட்டிய காலி வண்டி

ஒரு காட்டில் மலையுச்சியிலிருந்து அடிவாரச் சந்தை வரைக்கும் புதிதாக ஒரு வண்டிப்பாதை போட்டார்கள். காடே துள்ளிக் குதித்தது!

காட்டெருமையும் கரடியும் கழுதையும் ஆளுக்கொரு சுமைவண்டி வாங்கின. மலையில் பழுத்த பலாப்பழங்களை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்கின. சக்கரங்கள் உருண்ட சத்தம் கேட்டு, குரங்குக் குட்டிகள் கிளைக்குக் கிளை தாவிக் கைதட்டின.

பௌர்ணமிதோறும் மைனா வரும். "வரும் மாதம் தொழில் எப்படி?" என்று வண்டிக்காரர்களைக் கேட்கும். நன்றாக இருக்கும் என்றால் பட்டமரத்தில் ஒரு பச்சை வாழையிலையைத் தொங்கவிடும். மந்தம் என்றால் சருகு.

"பிரமாதம்!" என்றது பெருமைக்கார எருமை.

"அமோகம்!" என்றது எருமை சொன்னால் தலையாட்டும் கரடி.

கழுதைக்கு மட்டும் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. போகும்போது அதன் வண்டி நிரம்பி வழியும். திரும்பும்போதோ ஒரு மூட்டைகூடக் கிடைக்காது. ஆனால் எருமையின் வண்டியும் கரடியின் வண்டியும் திரும்பி வருகையிலும் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி, புடைத்துக்கொண்டு வந்தன.

'எனக்கு மட்டும்தான் சுமை கிடைக்கவில்லை போலிருக்கிறது' என்று கழுதை வெட்கப்பட்டது. அது நான்கு மூங்கில்களை வளைத்து வண்டியில் நிறுத்தியது. அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியது. காலி வண்டி சினைப்பசுவைப் போல ஆனது.

அடுத்த பௌர்ணமியில், "எனக்கும் பிரமாதம்தான்" என்று மைனாவிடம் சொன்னது.

பட்டமரத்தில் மூன்று பச்சை இலைகள்! அன்று காட்டில் ஒரே கொண்டாட்டம்.

வண்டி செய்து விற்கும் நரி மட்டும் கழுதையைத் தனியே அழைத்தது. கழுதை தன் குறையை அதனிடம் மறைக்காமல் சொல்லிவிட்டது.

"அட, இதற்கா கவலை? ஒற்றை வண்டிக்காரனை நம்பி யாரப்பா சுமை கொடுப்பார்கள்? இன்னும் இரண்டு வண்டி எடுத்துக்கொள். உன் தம்பிகள் இழுக்கட்டும். பதிலுக்கு அந்த ஓடைக்கரைப் புல்வெளியைக் கொடு, போதும்."

கழுதை திடுக்கிட்டது. கோடையில் அதன் குட்டிகளுக்கு இருந்தது அந்தப் புல் ஒன்றுதான். அங்கே தினமும் முயல்கள் மேய வரும் என்பதை நரி சொல்லவில்லை.

"நாளை சந்தையிலிருந்து திரும்பும்போது பதில் சொல்கிறேன், நரியண்ணே" என்றது கழுதை.

மறுநாள் திரும்பும் வழியில், 'கொடுத்துவிட வேண்டியதுதான்' என்று முடிவு செய்துகொண்டது. அப்போது ஓர் உடும்பு பாதையைக் கடந்தது. எதையும் கூர்ந்து பார்க்கும் உடும்பு அது.

"கழுதையாரே, காலி வண்டிக்கு ஏன் இத்தனை கயிறு?"

"காலியா? யார் சொன்னது?"

"தடம் சொல்கிறது. நான் வயிற்றால் நகர்கிறவன். கீழே போகும் தடத்தில் விழுந்தால் ஏறி வரவே எனக்கு மூச்சு வாங்கும். மேலே போகும் தடமோ நகத்தால் கீறிய கோடு மாதிரி இருக்கிறது."

கழுதையின் காதுகள் தொங்கிவிட்டன. மெல்லக் கேட்டது: "எருமையண்ணன் வண்டித் தடம்?"

"அதுவும் கோடுதான்."

"கரடி வண்டி?"

"கோடுதான்!"

 கழுதை மலையே எதிரொலிக்கக் கனைத்துச் சிரித்தது. முதலில் முடிச்சுகளை அவிழ்த்தது. பிறகு தார்ப்பாயை உருவிச் சுருட்டியது. மூங்கில்களைப் பிடுங்கிப் போட்டது. காலி வண்டியைத் திறந்தபடியே இழுத்துக்கொண்டு ஓடியது.

அடுத்த வளைவைக்கூடத் தாண்டவில்லை.

"நில்லுங்கள்! நில்லுங்கள்!" என்று புதரிலிருந்து ஒரு புள்ளிமான் பாய்ந்து வந்தது. "பன்னிரண்டு நாளாக உப்பு மூட்டைகளோடு காத்திருக்கிறேன். மலைமேல் என் கூட்டம் உப்புக்குத் தவிக்கிறது!"

"பன்னிரண்டு நாளா? தினமும் இந்த வழியாகத்தானே போனேன். ஏன் கூப்பிடவில்லை?"

"மூடிக் கட்டிய வண்டியை எப்படி நிறுத்துவது? நிறைந்த வண்டிக்காரரைத் தொந்தரவு செய்யலாமா?"

பாதி மூட்டைகளிலேயே வண்டி நிரம்பிவிட்டது. "மீதிக்கும் வண்டி அனுப்புகிறேன்!" என்று சொல்லிவிட்டுக் கழுதை மலையேறியது. மண்ணில் ஆழமாகத் தடம் பதிந்தது.

நரி தன் பட்டறை வாசலிலேயே நின்றிருந்தது. "வா, வா! புல்வெளி எனக்குத்தானே?"

"புல்வெளி என் குட்டிகளுக்கு, அண்ணே. புது வண்டியும் வேண்டாம். காட்டில் இன்னும் இரண்டு வண்டி காலியாக இருக்கிறது!"

கழுதை நேராக மற்ற இரண்டிடமும் ஓடியது. "எருமையண்ணே, கரடியண்ணே! வளைவில் உப்பு காத்திருக்கிறது. நாளை திரும்பும்போது தார்ப்பாயைக் கழற்றி வையுங்கள்!"

கரடி முதல்முறையாக எருமையின் முகத்தைப் பார்க்காமல், "கழற்றிவிட்டேன்!" என்றது.

எருமை கொம்பை நிமிர்த்தியது. "என் வண்டியில் இடம் ஏது தம்பி? நிரம்பி வழிகிறது!"

மறுநாள் எருமையின் வண்டி கடகடவென்று ஆடிக்கொண்டு வளைவுக்கு வந்தது. தார்ப்பாய் நன்றாகப் புடைத்திருந்தது. கரடிக்காகக் காத்திருந்த புள்ளிமான் அதைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது.

"பாவம், எருமையாருக்கு எவ்வளவு பாரம்!" என்றது.

நீதி: இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்பவரைத் தேடி, வரவேண்டியதும் வராது.