புகையில்லாத அடுப்பு

தென்பெண்ணைக் கரையில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு மடம் இருந்தது. வருகிறவர் யாராக இருந்தாலும் மதியம் ஒரு வேளைச் சோறு உண்டு. பதினோரு வருஷமாக அந்தச் சோற்றைப் பொங்குகிறவள் பூங்காவனம்.

மடத்துச் சாமி அவளைவிட ஏழெட்டு வயது இளையவர். துறவுக்கு முன்னால் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் எரிசாராயம் வடிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் அவளுக்கு அவர் குரு.

ஒரு நாள் காலை சாமி ஓர் அடுப்பையும் ஒரு கேன் எரிசாராயத்தையும் கொண்டுவந்து அடுக்களையில் வைத்தார்.

"கண் டாக்டர் என்ன சொன்னார் அக்கா?"

"இன்னும் ஒரு வருஷம் விறகுப் புகையில நின்னா பார்வை போயிடும்னார்."

"இதுல புகை வராது."

பூங்காவனம் கேனின் மூடியைத் திறந்து முகர்ந்தாள். உடனே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

"இது என் பிள்ளையைக் கொன்ன வாசனை சாமி."

அவள் மகன் தணிகாசலம், ஓடைக்கரையில் வாங்கிய சாராயத்தைக் குடித்து இருபத்தாறு வயதில் செத்தான். குடித்துச் செத்தவனுக்கு ஒப்பாரி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று பங்காளிகள் அவள் வாயை அடைத்துவிட்டார்கள். பால் தெளித்த கையோடு மடத்துக்கு வந்தவள், அடுப்படியை விட்டு நகரவில்லை. மடத்தில் இது சாமி ஒருவருக்குத்தான் தெரியும்.

"குடிக்க முடியாதபடி கசப்பு கலந்துதான் ஆலையில குடுக்குறாங்க."

"கசப்பு கலந்துட்டா, நடந்தது நடக்கலைன்னு ஆயிடுமா?"

சாமி மாவுப் பானையைத் திறந்து காட்டினார். முந்தின நாள் கரைத்த தோசை மாவு விளிம்புவரை வந்திருந்தது.

"இதைப் பொங்க வச்சது யாரு?"

"யாரும் இல்ல. தானாப் பொங்கினது."

"சர்க்கரை எடுத்தப்புறம் மிஞ்சுற கரும்புப் பாகும் தொட்டியில இப்படித்தான் பொங்கும். அதைக் காய்ச்சி, ஆவியைக் குளிர வச்சுப் பிடிப்போம். உலை மூடியில நிக்குமே தண்ணி, அது மாதிரி."

"தெரியும் சாமி. ஓடைக்கரையிலயும் அப்படித்தான் காய்ச்சினாங்க."

சாமி பானையை மூடினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க," என்றாள் பூங்காவனம். "பெத்த வயித்த எரிச்சதை வச்சு அடுத்தவங்க வயித்துக்கு நான் எப்படிப் பொங்குவேன்?"

"ஒரு உலை வைங்க. ஒண்ணு போதும். பிடிக்கலைன்னா நானே தூக்கிட்டுப் போயிடுறேன்."

அப்போது தேய்த்த பாத்திரங்களோடு ரஞ்சிதம் உள்ளே வந்தாள். மடத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. கரிப்பாத்திரம் முழுக்க அவள் பொறுப்பு.

"என்ன சாமி இது?"

"எரிசாராய அடுப்பு. மரம் வெட்ட வேணாம். கப்பல்ல வர்ற மண்ணெண்ணெயும் வேணாம். நம்ம கொல்லைக் கரும்புதான், வெட்ட வெட்டத் தழையுது. பாத்திரத்துல கரி பிடிக்காது."

"கரி பிடிக்காதா? அப்ப எனக்கு இன்னிக்கே தீட்சை குடுத்துடுங்க சாமி. நகமெல்லாம் கறுத்துப்போய் மூணு வருஷமாச்சு."

சாமி சிரித்தார். பூங்காவனம் சிரிக்கவில்லை.

சாமி தீக்குச்சியைக் கிழித்து அடுப்பில் காட்டினார். கிழக்கு ஜன்னல் வழியே வெயில் நேராக அடுப்பின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"பத்தலையே," என்று பூங்காவனம் கையை நீட்டினாள்.

அவர் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பத்திக்கிட்டுத்தான் இருக்கு. பகல்ல கண்ணுக்குத் தெரியாது."

உப்பு ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டார். ஒன்றுமில்லாத இடத்தில் மஞ்சளாகத் தீ எழுந்து நின்றது. சற்று நேரத்தில் மறுபடியும் காணாமல் போயிற்று.

"சந்தேகம் வந்தா உப்பைப் போட்டுப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பூங்காவனம் உலை வைத்தாள். ரஞ்சிதம் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவத் தொடங்கினாள்.

புகை வரவில்லை. எதிர்ச்சுவரில் அடித்திருந்த ஆணிகூடத் தெளிவாகத் தெரிந்தது. பூங்காவனத்துக்குக் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தினமும் இந்த நேரத்துக்கு அடுக்களை முழுக்கப் புகை சூழும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாழாப்போன புகை," என்பாள். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இன்றைக்கும் அதே நேரத்துக்குக் கண் நிறைந்தது.

தீ இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தாள். ஒரு துளி அடுப்பில் விழுந்தது. விழுந்த இடத்தில் மஞ்சளாக ஒரு சுடர் எழுந்து அடங்கியது.

ரஞ்சிதம் கீரையைக் கீழே வைத்தாள்.

"உப்பு போட்டியாக்கா?"

"இல்லையே."

"புகையும் இல்லையே. கண்ணுல என்னக்கா?"

பதினோரு வருஷமாகச் சொல்லிவந்த பதில் நாக்கு நுனியில் இருந்தது. இன்றைக்கு அதைச் சொல்ல முடியாது. பூங்காவனம் கரண்டியை வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். பூவரச மரத்தடியில் சாமி இலை கூட்டிக்கொண்டிருந்தார்.

"அதைத் தூக்கிட்டுப் போயிடுங்க சாமி. எனக்கு விறகடுப்பே போதும்."

"கண்ணு போயிடுமே அக்கா."

"போகட்டும்."

"சாராயம்ங்கிறதாலயா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"புகை இருந்தா யாரும் கேக்கமாட்டாங்க சாமி."

சாமி துடைப்பத்தை மரத்தில் சாய்த்து வைத்தார்.

"இன்னிக்குக் கேட்டாங்களா?"

"ரஞ்சிதம் கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

சாமி அவளைத் தாண்டி அடுக்களை வாசலைப் பார்த்தார்.

"கீரையை அவ இன்னும் கையில எடுக்கல அக்கா," என்றார். "இந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு இருக்கா."