எட்டாவதற்குக் கயிறில்லை

பறவைக்கும் விலங்குக்கும் மனிதப் பேச்சு வாய்த்திருந்த அந்தக் காலத்தில், வௌவால்கள் கிளிகளைப் போலக் கிளையில் நிமிர்ந்தே அமர்ந்திருந்தன. இலுப்பங்கோட்டை ஊர்த்தோப்பு அவற்றின் குடியிருப்பு. இலுப்பை பூக்கும் பருவத்தில் முதல் மூன்று நாள் உதிரும் பூவை ஊரார் தொடமாட்டார்கள். அது வௌவால்களின் பங்கு.

அவ்வூர்க் காவலனை ஊரே கூடித் தேர்ந்தெடுப்பது வழக்கம். அவ்வாண்டு வெள்ளைக்காரக் கும்பினியின் ஆணை வந்தது. இனிக் காவலனைத் துரையே நியமிப்பாராம். ஈட்டிகளை ஒப்படைத்துவிட வேண்டுமாம். நால்வருக்கு மேல் ஓரிடத்தில் கூடலாகாதாம். ஊர்க்காவலன் சாத்தையன் அன்றே கூட்டம் கூட்டினான். "இந்த ஈட்டியை என் கையில் கொடுத்தது ஊர். ஊர் கேட்டால் தருவேன். கடல் கடந்து வந்தவன் கேட்டால் தரமாட்டேன்" என்றான். ஆறு பேர் அவனோடு எழுந்து நின்றார்கள்.

மறுநாள் அந்த ஏழு பேரும் தோப்பின் பெரிய மரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். உடல்களைத் தார் பூசிய சாக்கில் சுற்றி அப்படியே தொங்கவிட்டான் துரை. "மழைக்காலம் வரை இவை தொங்கட்டும். ஒன்று குறைந்தால், உயிரோடிருப்பவரில் ஒருவரைக் கொண்டு நிரப்புவேன்" என்று பறையறைவித்தான்.

சாத்தையனின் தங்கை முத்திருளாயி அன்றிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. அண்ணன் மண்ணுக்குப் போகாமல் தன் தொண்டையில் சோறு எப்படி இறங்கும்? நாள்தோறும் விடிந்ததும் மரத்தடிக்கு வந்துவிடுவாள். கும்பினிச் சிப்பாய்களின் தலைவன் சுபேதார் வரதப்பன் குதிரைமேல் வருவான். மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு, தூரத்தில் நின்றே பிரம்பை நீட்டி எண்ணுவான்.

"என்ன தாயி, உன் அண்ணன் இன்னும் இறங்கவில்லையா?"

"நீ அந்தக் குதிரையை விட்டு இறங்கும் அன்றைக்கு அவனும் இறங்குவான்."

பின்னால் நிற்கும் சிப்பாய்கள் சிரிப்பை விழுங்கிக்கொள்வார்கள்.

பத்தாம் நாள் அந்தியில், காவல் சிப்பாய்கள் வழக்கம்போல் பேய்க்கு அஞ்சித் தோப்பை விட்டு விலகிய பின்னும் அவள் அங்கேயே நின்றாள். கிளையிலிருந்து மூத்த வௌவால் குனிந்து பார்த்தது.

"பூப் பொறுக்க வந்தாயோ?"

"பூவை வைத்து என்ன செய்வேன், ஆத்தா? அண்ணனை இறக்கினால் ஊரில் ஓர் உயிர் போகும். இறக்காவிட்டால் அவன் உயிர் இந்தத் தோப்பிலேயே அலையும்."

வௌவால் தொங்கிய உடல்களின்மேல் ஒரு சுற்றுப் பறந்து வந்து அமர்ந்தது. பிறகு, "அந்தக் குதிரைக்காரன் எண்ணுகிறானே தவிர, பார்க்கிறானா? கறுப்பாக ஏழு தொங்கினால் அவனுக்குப் போதும். எங்களிடம் கறுப்புக்கு என்ன பஞ்சம்?" என்றது.

"நீங்களா?"

"கயிற்றைக் காலால் பற்றித் தலைகீழாகத் தொங்குவோம். ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு, ஓர் உடலுக்கு ஒரு கூட்டம். ஆனால் தாயி, எங்களுக்கு எண்ணத் தெரியாது. கயிறுதான் எங்களுக்குக் கணக்கு. அதை மட்டும் விட்டுவிட்டுப் போ." பிறகு தன் இனத்தை நோக்கி ஆணையிட்டது: "பிணம் பேசாது. நான் சொல்லும்வரை ஒருவரும் நிமிரக் கூடாது. ஒரு சொல்லும் உதிர்க்கக் கூடாது."

ஊரார் நால்வர் நால்வராக வந்தார்கள். கோழி கூவுமுன் ஏழு உடல்களும் கண்மாய்க் கரையில் மண்ணுக்குள் போயின. முத்திருளாயி வீடு திரும்பி உலை வைத்தாள்.

வௌவால்கள் இரவில் இரைக்குப் போய், விடியுமுன் திரும்பிக் கயிறுகளைப் பற்றின. மூன்று நாள் வரதப்பன் எண்ணினான், ஏழும் இருந்தன. மூன்றாம் நாள் மூக்கிலிருந்த துணியை எடுத்தான். நாற்றமே இல்லை. ஈயும் இல்லை. ஒன்றும் விளங்காமல் திரும்பிப் போனான்.

நான்காம் நாள் துரையும் குதிரையில் உடன் வந்தான். ஊரார் நால்வர் நால்வராக எட்டி நின்று பார்த்தார்கள். வரதப்பனின் பிரம்பு ஒவ்வொன்றாய்ச் சுட்டிப் போய், ஏழைத் தாண்டி, நடுவானில் நின்றது.

எட்டு.

எட்டாவதற்குக் கயிறே இல்லை. வெறுங்கிளையில் தொங்கியது. செய்தி கேட்டு அண்டைத் தோப்பு வௌவால்களும் துணைக்கு வந்திருந்தன. அவற்றை மூத்த வௌவால் நடுவில் தொங்கிச் சேர்த்துப் பிடித்திருந்தது. வரதப்பன் குதிரையை அருகே செலுத்தினான். பிணத்தின் மார்பில் இரண்டு கண்கள் திறந்தன; அவனைப் பார்த்தன; மூடிக்கொண்டன.

அவன் முத்திருளாயியைத் திரும்பிப் பார்த்தான். அவளும் அந்த எட்டாவதையே பார்த்து நின்றாள். பிரம்பு மெல்லத் தாழ்ந்தது.

"ஏழு, துரை" என்றான் வரதப்பன்.

"எனக்கு எண்ணத் தெரியாதென்று நினைத்தாயா? எட்டு! நான் தூக்கிலிட்டது ஏழு பேரை. எட்டாமவனைத் தூக்கிலிட்டது யார்?"

துரை கடிவாளத்தை இழுத்துக் குதிரையை ஓரடி பின்னுக்கு நகர்த்தினான். அதை ஊரே பார்த்தது. அவன் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டான்.

எட்டாவது உடல் சிதறிச் சிறகுகளாகியது. அடுத்த நொடி ஏழும் சிதறின. வானம் கறுத்தது. வெற்றுக் கயிறுகள் ஏழு ஆடிக்கொண்டிருந்தன. கீழே மூத்த வௌவால் சிறகு விரித்துக் கிடந்தது.

"ஊரைச் சுடுங்கள்!" என்று அலறினான் துரை. ஒரு துப்பாக்கியும் உயரவில்லை.

வரதப்பன் குதிரையை விட்டு இறங்கினான். "தாயி, உன் அண்ணனை எங்கே வைத்தாய்? காட்டு. ஒரு பிடி மண் போட வேண்டும்."

அன்று உச்சிப்பொழுதில், நால்வருக்கு மேல் கூடலாகாது என்ற ஆணையைக் காலில் மிதித்து ஊர் முழுவதும் மரத்தடியில் கூடியது. கூட்டத்தின் நடுவில், முத்திருளாயி ஒளித்து வைத்திருந்த சாத்தையனின் ஈட்டி நின்றது. அதைச் சுற்றிச் சிப்பாய்களின் துப்பாக்கிகளும் நின்றன. துரையின் குதிரை மட்டும் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியது.

மறுநாள் விடியுமுன் வௌவால்கள் திரும்பி வந்து தலைகீழாகத் தொங்கின. 'இனி நிமிரலாம்' என்று சொல்ல மூத்த வௌவால் இல்லை. அன்று தொடங்கித்தான் அவ்வினம் தலைகீழாகத் தொங்கி, பேச்சை மறந்து கீச்சிடுகிறது. இலுப்பங்கோட்டையில் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. விடியலில் அந்தத் தோப்பைக் கடப்பவர் எவரும், மேலே தொங்குபவற்றை எண்ணுவதுமில்லை.